டாக்டர், ராத்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்

தமிழ்நாட்டில் குழந்தை மருத்துவம் பார்க்கிற டாக்டர்களுக்கும், வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிவதற்கான மாவட்ட இடையீட்டு மையங்களில் எங்கள் பிள்ளைகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறவர்களுக்கும், வணக்கம்.

நான் திருச்சிக்காரன். மகனுக்கு இப்போது எட்டு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஐந்து வயதில் ஒரு ராத்திரி, மணி இரண்டேகால் இருக்கும், பைக்கில் பெட்ரோல் டேங்கின் மேல் அவனை உட்கார வைத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்தை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். வண்டி ஓடினால் சத்தம் போட மாட்டான், நின்றால் ஆரம்பித்துவிடுவான். ரோந்து வந்த போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கேருந்து வர்றீங்க?" வீட்டிலிருந்து. "எங்க போறீங்க?" வீட்டுக்குத்தான் சார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, நியாயம்தானே. அதற்குள் இவன் அவர் கேட்டதையே "எங்க போறீங்க, எங்க போறீங்க" என்று அவர் குரலிலேயே திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் விஷயத்தைச் சொன்னேன். புள்ள தூங்க மாட்டேங்கிறான் சார், ரெண்டு வருஷமா இப்படித்தான். அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டுக் கேட்டார், "எத்தனை மணிக்குப் படுக்கிறான்? நடுவுல முழிச்சுக்கிறானா? டாக்டர் என்ன சொல்றாரு?"

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் எந்த டாக்டரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் பார்த்தவர்கள் குறைந்தது ஏழு பேர். கண்ணைப் பார்க்கிறானா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, எத்தனை வார்த்தை பேசுகிறான், கையை உதறுகிறானா என்று எல்லாம் கேட்டார்கள். ராத்திரியைப் பற்றி முதன்முதலில் என்னிடம் மூன்று கேள்வி கேட்டவர் அந்தப் போலீஸ்காரர்தான். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை, கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் தூங்காத ராத்திரியில் ஃபோனில் படிக்க நிறைய நேரம் இருக்கிறது. படித்த வரையில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 50 முதல் 80 சதவீதம் பேருக்குத் தூக்கப் பிரச்சினை இருக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது. ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளிடமும் தூக்கத்தைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்று அமெரிக்காவின் பீடியாட்ரிக்ஸ் இதழில் 2012-லேயே வழிமுறை வெளிவந்துவிட்டது. 2020-இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி இதற்கென்றே தனியாக ஒரு வழிகாட்டி போட்டது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருகிற ஒன்றைப் பெற்றவர்கள் தாங்களாக வாய் திறந்தால்தான் தெரியும் என்று விடுவது எப்படிச் சரியாகும்?

சான்றிதழுக்காக இசா என்ற அளவுகோலை வைத்து அவனைப் பார்த்தார்கள். நம் நாட்டிலேயே உருவாக்கியது, 40 கேள்விகள், ஆறு பிரிவுகள். சமூக உறவு, உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலன், அறிவு. அந்த ஆறில் தூக்கத்துக்கென்று ஒரு பிரிவு கிடையாது. சரி, அது ஆட்டிசத்தின் அளவைக் கணக்கிடுவதற்கான தாள், அதில் இருந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளில் பகலில் அவன் செய்ததற்கெல்லாம் மதிப்பெண் போட்டார்களே, முந்தின ராத்திரி அவன் மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தான். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு நீங்களோ நானோ போய் உட்கார்ந்தாலும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டோம்.

இடையில் ஒன்று. அரசாங்கக் காகிதங்களில் ஆட்டிசத்துக்குப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். யார் வைத்த பெயரோ. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிற சத்தம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், பனியன் உள்பக்கத்து லேபிள் முதுகில் உரசுவது, எல்லாம் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டும் உறுத்திக்கொண்டும் இருப்பதால்தான் இவன் தூங்காமல் கிடக்கிறான். புற உலகம் இவனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது.

கேட்காததாவது போகட்டும். நாங்களாகச் சொன்னபோது கிடைத்த பதில்தான் இன்னும் ஆறவில்லை. "ஆட்டிசம்னா அப்படித்தாம்மா இருக்கும்." என் மனைவியிடம் இதைச் சொன்னவர்கள் மூன்று பேர். ஒருவர், "சாயங்காலம் நல்லா ஓட விடுங்க, களைச்சுத் தூங்கிடுவான்" என்றார். ஓட விட்டோம், அவன் களைக்கவில்லை, நாங்கள்தான் களைத்தோம். வீட்டில் தேதி கிழிக்கிற காலண்டர் உண்டு இல்லையா, தினமும் கிழித்த தாளின் பின்பக்கம் மனைவி எழுதி வைப்பாள். படுத்தது 9.30, தூங்கியது 1.10, விழித்தது 3.40, பிறகு தூங்கவில்லை. கால் உதைத்தான். பால் கேட்டான். சிரித்தான். அரை மணி அழுதான். இப்படி நானூறு தாளுக்கு மேல் சேர்ந்ததை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரு பெரிய மருத்துவமனைக்கு எடுத்துப் போனாள். டாக்டர் கட்டைக் கையில் வாங்கினார், எடை பார்ப்பவர் மாதிரி ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டாள். பகலில் கண் அசந்து அலுவலகத்தில் தப்புத் தப்பாகக் கணக்கு போட ஆரம்பித்திருந்தாள், அவர்களாகச் சொல்வதற்கு முன் இவளே சொல்லிவிட்டாள்.

எல்லோரும் அப்படி என்று எழுதினால் பாவம். எட்டாவதாகப் பார்த்தவர் வயதில் சின்னவர், சிறிய கிளினிக். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அரைத்தாளில் ஐந்து கேள்வி ஒட்டியிருந்தார். பியர்ஸ் என்று அதற்குப் பெயராம், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் கரடிகள் என்று வரும். படுக்கப் போகும்போது தகராறு உண்டா. பகலில் தூங்கி வழிகிறானா. ராத்திரி நடுவில் விழிக்கிறானா. தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்து எழுகிறானா, மொத்தம் எத்தனை மணி நேரம். குறட்டை விடுகிறானா, மூச்சுக்குத் திணறுகிறானா. ஐந்துக்கும் பதில் சொல்ல எங்களுக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் காலண்டர் தாளைப் பிரித்தார். இருபது தாள் பார்த்திருப்பார், "கால் உதைத்தான்" என்பது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். பதினாறு.

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். எங்கள் பிள்ளைகள் பலரையும் போல இவனும் வெள்ளைச் சாப்பாட்டுக்காரன். சாதம், இட்லி, தயிர், பால். கீரையைத் தட்டில் பார்த்தாலே எழுந்து போய்விடுவான், பால் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் போகும். ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது, பார்க்கச் சொன்னார். 11 வந்தது. லேப் தாளில் அதை நார்மல் என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். அவர்தான் விளக்கினார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்பு குறைந்திருக்கலாம், மூளையில் டோபமின் என்ற ரசாயனம் உண்டாக இரும்பு வேண்டும், அது குறைந்தால் ராத்திரியானதும் காலில் ஒரு குறுகுறுப்பு வரும், உதறினால்தான் அடங்கும். பேசத் தெரிந்த பிள்ளை கால் என்னமோ பண்ணுகிறது என்று சொல்லும். இவன் எப்படிச் சொல்வான், உதைத்தான். நாங்கள் அதை அடம் என்று நினைத்து, ஒரு ராத்திரி நான் அவன் காலைப் பிடித்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இந்த மாதிரி கால் தொந்தரவு இருந்து ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பார்க்கலாம் என்பது இந்தத் துறை வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட அளவுதான். காய்ச்சல், சளி இருக்கும்போது பார்த்தால் எண் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்தது. கனடாவில் 2007-இல் ஆட்டிசம் குழந்தைகளுக்கு எட்டு வாரம் இரும்புச் சத்து கொடுத்துப் பார்த்தபோது புரண்டு புரண்டு படுப்பது குறைந்திருக்கிறது. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் வைக்கவில்லை. அதனால் இரும்பு எல்லாப் பிள்ளையையும் தூங்க வைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கிற பெற்றோர் யாரும் கடையில் வாங்கித் தாங்களாகக் கொடுத்துவிடவும் வேண்டாம், அளவு மீறினால் இரும்பு விஷம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிற நாட்டில், தூங்காத ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை எழுத ஏழு பேருக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. இவனுக்கு மூன்று மாதத்தில் உதைப்பது நின்றது. மலச்சிக்கல் வந்தது, பல் கறுத்தது, அதையெல்லாம் சமாளித்தோம்.

தெரபி சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து பேசினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை. ஒரு பெண் குழந்தை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு படுக்கும், ஒரு வருஷம் கழித்துத்தான் அது மலச்சிக்கல் என்று தெரிந்தது. ஒரு பையனுக்கு மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை வீங்கி மூச்சு அடைத்திருக்கிறது, குறட்டையை வீட்டில் எல்லோரும் "தாத்தா மாதிரி" என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னொருவனுக்குத் தூக்கத்தில் வலிப்பு. ஆட்டிசத்தோடு வலிப்பு சேர்ந்து வருவது உங்களுக்குத் தெரியாததா? நெஞ்செரிச்சல், பல்வலி, தோல் அரிப்பு, ஏற்கெனவே கொடுக்கிற மாத்திரையின் பின்விளைவு என்று தேடினால் கிடைக்கக்கூடிய காரணங்கள் எத்தனையோ இருக்கின்றன. 2020 வழிகாட்டியும் அதைத்தான் முதலில் சொல்கிறது, மருந்துக்குப் போகும் முன் உடம்பில் வேறு கோளாறு உண்டா என்று பார், ஏற்கெனவே தின்னும் மருந்தைப் பார், நடத்தைப் பயிற்சி கொடு. "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்ற வார்த்தை வந்து விழுந்தால் இந்தத் தேடல் அங்கேயே நின்றுபோகிறது.

மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்ட் எடுக்கும்போது பிள்ளையைத் தூங்க வைக்க ட்ரைக்ளோஃபாஸ் என்ற மயக்க சிரப் கொடுப்பீர்கள். மிச்சம் வீட்டில் இருக்கும். அது எத்தனை வீட்டில் சனிக்கிழமை ராத்திரி மருந்தாக மாறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அதே மாதிரிதான் சளி சிரப், "குடுத்தா நல்லா தூங்குறான்" என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பது. சில பிள்ளைகளுக்கு அது எதிர்மாறாக ஆட்டம் போட வைக்கும், எங்களுக்கு அப்படி ஒரு தடவை விடிய விடிய நடந்தது. இதைச் செய்கிற அம்மாவைத் திட்டாதீர்கள். மூன்று நாள் தூங்காத மனுஷி அவள்.

மெலடோனின் என்பது இருட்டானதும் மூளையில் சுரக்கிற தூக்க ஹார்மோன், மாத்திரையாகவும் வருகிறது. அந்த விஷயத்தில் இன்னொரு கோளாறு. எழுதிக் கொடுக்கிறீர்கள், எப்போது கொடுப்பது என்று சொல்வதில்லை. எங்களுக்கு ஒருவர் "நைட் 1" என்று மட்டும் எழுதினார். நாங்கள் விளக்கை அணைக்கும்போது கொடுத்து, உடனே தூங்கவில்லை என்று ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டோம். படுக்கைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால், 1 முதல் 3 மில்லிகிராமில் ஆரம்பித்து, பலன் பார்த்து மெல்ல ஏற்றி, 10-ஐத் தாண்டாமல் என்று வழிகாட்டியில் தெளிவாக இருக்கிறது. மாத்திரையில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்பது வேறு கேள்வி. 2017-இல் கனடாவில் 31 மெலடோனின் பொருட்களைச் சோதித்ததில் சிலவற்றில் லேபிளில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவாகவும், சிலவற்றில் 478 சதவீதம் கூடுதலாகவும் இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் 2018-இல் ஆட்டிசம் உள்ள 2 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கென்றே மெல்லக் கரையும் மெலடோனின் மாத்திரைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், மருந்தாகவே. இங்கே எனக்குக் கிடைப்பது ஸ்ட்ராபெர்ரி வாசனையில் வரும் மிட்டாய். எது வாங்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும், கடைக்காரத் தம்பியா சொல்வான்?

நடத்தைப் பயிற்சி என்று கையில் ஒரு அச்சடித்த தாள் கொடுப்பார்கள். குழந்தையைத் தனி அறையில் படுக்க வையுங்கள். அறையை இருட்டாக, குளிர்ச்சியாக வையுங்கள். தூங்கும் முன் வெதுவெதுப்பான குளியல். ஐயா, நாங்கள் ஐந்து பேர் ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். மே மாதத் திருச்சியில் வெதுவெதுப்பாகக் குளிக்க வைத்தால் பெரியவர்களும் சேர்ந்து அழுவோம். யாரோ சொன்னார்கள் என்று நாலாயிரம் ரூபாய் போட்டு எடைப் போர்வை ஒன்று வாங்கினேன், அதைப் போர்த்தினால் தூக்கம் கூடவில்லை என்று 2014-லேயே இங்கிலாந்தில் ஆய்வு செய்து சொல்லிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்ததாம், அதுவரைக்கும் நல்லது. எங்கள் வீட்டில் இப்போது அதன்மேல் இட்லி மாவு கிரைண்டர் இருக்கிறது.

எங்களுக்கு உதவியது அந்தச் சின்ன டாக்டர் சொன்ன ஒரு தலைகீழ் யோசனை. ஒன்பதரைக்குப் படுக்க வைத்துவிட்டு ஒரு மணி வரை போராடுகிறீர்களே, முதலில் பன்னிரண்டே முக்காலுக்குப் படுக்க வையுங்கள் என்றார். காலையில் ஆறரைக்கு என்ன ஆனாலும் எழுப்பிவிட வேண்டும், பகலில் தூங்க விடக்கூடாது. படுத்த பதினைந்து இருபது நிமிடத்தில் தூங்குகிறான் என்றால் சில நாள் கழித்து கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். பாய் என்றால் சண்டை என்று அவன் மனதில் பதிந்திருப்பது அழிய வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் களைத்துப்போன பத்து நாள் அது. பிறகு மெல்ல நகர்ந்தது. சுவரில் நாலு படம் ஒட்டினோம், பால், பல் தேய்ப்பது, ஒண்ணுக்கு, பாய். தாத்தாவிடம் பேசி சீரியலை ஒன்பது மணிக்கு அணைத்தோம், அதுதான் இருப்பதிலேயே கடினமான சிகிச்சை. மோட்டார் போடும் நேரத்தை மாற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன், ஏன் என்று சொன்னதும் அவர் உடனே ஒத்துக்கொண்டார், இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தது எங்கள் தப்பு.

இப்போது பத்தே முக்காலுக்குத் தூங்குகிறான். வாரத்தில் ஒன்றிரண்டு ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஃபேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான், நானும் பக்கத்தில் படுத்து ஃபேனைப் பார்ப்பேன். ஆட்டிசம் எங்கும் போய்விடவில்லை. கையைக் கடித்துக்கொள்வது குறைந்திருக்கிறது, பள்ளியிலிருந்து பத்தரை மணிக்கு வரும் ஃபோன் நின்றிருக்கிறது. அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஓ.டி. தெரபி மேடம், "என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். ராத்திரியை என்றாள் மனைவி.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டமெல்லாம் இல்லை. 2013-இல் தேசியச் சிறார் நலத் திட்டத்தோடு மாவட்டம்தோறும் வந்த இடையீட்டு மையங்களில் முதல் நாள் நிரப்புகிற படிவத்தில் அந்த ஐந்து கேள்வியைச் சேருங்கள், தமிழில். பதிலில் ஏதாவது தட்டுப்பட்டால் ஃபெரிட்டினும் காது மூக்கு தொண்டைப் பரிசோதனையும் அங்கேயே, இலவசமாகப் பார்க்க வழி செய்யுங்கள், தனியார் லேபில் காசு கட்ட முடியாமல் அதை மட்டும் விட்டுவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்துச் சீட்டில் மணியை எழுதுங்கள். ஒரே ஹாலில் படுக்கிற குடும்பத்துக்கு ஏற்ற மாதிரி அந்த அறிவுரைத் தாளை யாராவது உட்கார்ந்து புதிதாக எழுதுங்கள், பெற்றவர்கள் நாலு பேரைக் கூட வைத்துக்கொண்டு. ஏப்ரல் 2 வந்தால் ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று கட்டடங்களுக்கு நீல விளக்கு போடுகிறார்கள். மெலடோனின் சுரப்பதை அதிகம் தடுப்பது நீல வெளிச்சம்தான் என்று சொன்னால் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள், அந்தச் செலவை ஒரு வருஷம் இந்தப் பரிசோதனைக்குத் திருப்பிவிட்டால்கூடப் போதும். விழிப்பு எங்கள் வீடுகளில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

காலண்டர் தாள் கட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது, மூன்று வருஷத்துத் தாள்கள், மனைவி தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள். உங்களில் யாருக்காவது பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். எந்தச் சாயங்காலமும் சரி, செவ்வாயும் வியாழனும் மட்டும் வேண்டாம், அவனுக்கு ஓ.டி. இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு அப்பா,
திருச்சி